எந்த மூட்டு அசைகிறது? காயமின்றி யோகா பயில உடற்கூறு சார்ந்த முழுமையான வழிகாட்டி

யோகப் பயிற்சியில் வரும் காயங்களில் பல, விழுந்தோ இடித்துக்கொண்டோ ஒரே நாளில் வருவதில்லை. ஒரே ஆசனத்தை ஒரே விதமாகப் பல மாதங்கள் செய்து, ஒரு மூட்டு தாங்க வேண்டியதைவிடச் சற்று அதிகமாகத் தினமும் தாங்கியதால் அவை மெல்ல உருவாகின்றன. வெளித்தோற்றத்தில் ஆசனம் நேர்த்தியாக இருக்கும்போதே இது நடக்கலாம். விரல்கள் கால்களைத் தொட்டிருக்கும். ஆனால் இடுப்பு மூட்டு மடங்காததைக் கீழ்முதுகு வளைந்து ஈடுகட்டியிருக்கும். பாதம் எதிர்த்தொடையின் மேல் ஏறியிருக்கும்; ஆனால் இடுப்பில் நிகழ வேண்டிய சுழற்சி முழங்காலில் நிகழ்ந்திருக்கும். ஒரு மூட்டு தன் பங்கைச் செய்யாதபோது அதற்கு மேலோ கீழோ உள்ள மூட்டு அந்த வேலையைச் சுமக்கிறது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஆகவே ஒவ்வோர் ஆசனத்திலும் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதை அளப்பதற்கு முன், அந்த அசைவு எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

முதற்படி: எது இழுபடுகிறது, எது இடிக்கிறது என்று பிரித்தறிதல்

தசை சுருங்கும், நீளும். இரத்த ஓட்டம் நிறைந்தது என்பதால் சிறு காயங்களிலிருந்து விரைவாக மீளும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பை எலும்போடு பிணைக்கும் இணைநாரும் அப்படிப்பட்டவை அல்ல. இவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆறுவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். மூட்டு தன் எல்லையைத் தாண்டாமல் காப்பதே இணைநாரின் வேலை. அது நீண்டு தளர்ந்துபோனால், அந்த மூட்டின் பாதுகாப்பு முழுவதும் தசைகளின் பொறுப்பாகிவிடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. இழுவையை ஒரு தசையின் நடுப்பகுதியில், பரவலாக, மந்தமாக உணர்ந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதே இழுவை எலும்பு ஒட்டும் முனையிலோ மூட்டின் உட்புறத்திலோ ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய புள்ளியாக இருந்தால், அங்கிருந்து பின்வாங்க வேண்டும். குத்தல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியவை நரம்போடு தொடர்புடையவை. அவற்றைப் "பழகினால் சரியாகிவிடும்" என்று பொறுத்துக்கொள்வது தவறு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஓர் அசைவு இரண்டு காரணங்களால் நிற்கலாம். எதிர்ப்பக்கத் தசை இறுகி இழுப்பதால் நின்றால், பயிற்சியால் அந்த எல்லை நகரும். எலும்போடு எலும்பு முட்டுவதால் நின்றால் எந்தப் பயிற்சியாலும் நகராது. மடங்கும் பக்கத்தில், அதாவது அசைவு போகும் திசையில், அழுத்தமும் நெருக்கலும் தெரிந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆழமாகக் குந்தும்போது கவட்டையின் முன்புறத்தில் ஏதோ கிள்ளுவது போலத் தோன்றுவது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அந்த இடத்தில் மூச்சை இழுத்துவிட்டு இன்னும் அழுத்துவது, மூட்டுக் குழியின் விளிம்பில் உள்ள குருத்தெலும்பை நசுக்குவதற்குச் சமம்.

இரண்டாம் படி: உங்கள் இடுப்பு மூட்டைக் கண்டுபிடித்தல்

"இடுப்பில் மடங்குங்கள்" என்று சொன்னால் பலர் கச்சை கட்டும் இடத்தைத்தான் இடுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இடுப்பு மூட்டு அதற்கு வெகு கீழே, கவட்டை மடிப்பின் நடுப்பகுதிக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. நின்றுகொண்டு இரு கவட்டை மடிப்புகளிலும் கைகளின் ஓரத்தை வைத்து, கைகளை உள்ளே அழுத்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளினால் உடல் மடங்கும் உண்மையான இடம் தெரியும்.

அடுத்து, உங்கள் எல்லையை அறிய ஒரு சிறு சோதனை. மல்லாந்து படுத்து, ஒரு கையைக் கீழ்முதுகுக்கும் தரைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழங்காலை மடக்கி, மறு கையால் மெதுவாக மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஒரு கட்டத்தில் கீழ்முதுகு உங்கள் உள்ளங்கையைத் தரையோடு சேர்த்து அழுத்தத் தொடங்கும். அந்தக் கணம் வரை மடங்கியது இடுப்பு மூட்டு. அதற்குப் பிறகு மடங்குவது முதுகெலும்பு. தொடையைச் சற்று வெளிப்புறமாக விலக்கி மீண்டும் செய்து பாருங்கள். சிலருக்கு எல்லை கணிசமாக நகரும், சிலருக்கு நகராது.

இந்த வேறுபாடு எலும்பின் வடிவத்திலிருந்து வருகிறது. தொடையெலும்பின் கழுத்து அதன் தண்டோடு சேரும் கோணம் பெரியவர்களில் சராசரியாக 125 டிகிரி அளவில் இருக்கும். அதே கழுத்து முன்னோக்கித் திரும்பியிருக்கும் கோணம் 15 டிகிரியை ஒட்டியிருக்கும். இவை சராசரிகள் மட்டுமே. இடுப்புக் குழியின் ஆழமும் அது நோக்கும் திசையும் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவரின் இடக்கும் வலக்கும்கூடச் சிறிது வேறுபடலாம். எனவே நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனத்தில் எல்லோரும் பாதங்களை இணையாக ஒட்டி வைக்க வேண்டும் என்பது போன்ற கட்டளைகளை நான் விதியாகக் கொள்வதில்லை. கால்விரல்கள் இயல்பாகச் சற்று வெளியே பார்த்து நிற்கும் ஒருவரை வலிந்து நேராக்கினால், அந்தத் திருத்தத்தைப் பெரும்பாலும் முழங்கால்தான் சுமக்கும்.

மூன்றாம் படி: முன்வளைவு ஆசனங்கள்

நின்றபடி முன்வளையும் உத்தானாசனம், கால்களை நீட்டி உட்கார்ந்து முன்வளையும் பச்சிமோத்தானாசனம் போன்றவற்றில் முதலில் அசைய வேண்டியது இடுப்பெலும்பு. அது தொடையெலும்புகளின் தலைமேல் முன்னோக்கிச் சாய வேண்டும். அதைத் தடுப்பவை தொடையின் பின்தசைகளான ஹாம்ஸ்ட்ரிங் தசைகள். மூன்று தசைகள் சேர்ந்த இத்தொகுதி, நாம் உட்காரும்போது தரையில் பதியும் உட்காரும் எலும்பில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டுகிறது. ஆக, இது இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது. முழங்காலை நேராக்கினால் கீழ்முனை இழுபடும். இடுப்பைச் சாய்த்தால் மேல்முனை இழுபடும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழு அளவில் செய்யச் சொல்வதுதான் முன்வளைவு ஆசனங்களின் கடினம்.

பச்சிமோத்தானாசனத்தை இவ்வாறு தொடங்கலாம். மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார்ந்து, இடுப்பெலும்பு பின்னுக்குச் சரியாமல் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சரிந்தால் போர்வையின் உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கால்களைத் தேவையான அளவு மடக்கி, வயிறு தொடையை நெருங்கும் வரை இடுப்பிலிருந்து சாயுங்கள். அந்தத் தொடர்பு விடுபடாமல், குதிகால்களை மெல்ல முன்னே நகர்த்துங்கள். வயிறு தொடையிலிருந்து விலகத் தொடங்கும் இடமே அன்றைய எல்லை. தலை முழங்காலைத் தொடுகிறதா என்பதற்கு இங்கே எந்த முக்கியத்துவமும் இல்லை. தலையைத் தாழ்த்துவது கழுத்தும் மேல்முதுகும் செய்யும் வேலை.

உட்காரும் எலும்புக்கு நேர் கீழே, புட்ட மடிப்புக்குள் ஆழமாக ஒரு வலி தோன்றி, நீண்ட நேரம் உட்கார்ந்தால் அதிகரிக்கிறது என்றால், அது ஹாம்ஸ்ட்ரிங்கின் மேல்முனைத் தசைநாண் எரிச்சலடைந்ததன் அடையாளமாக இருக்கலாம். முன்வளைவுகளைத் தினமும் ஆழமாகச் செய்பவர்களிடையே இது பரவலாகக் காணப்படும் பிரச்சினை. இதற்குப் பலர் செய்வது இன்னும் கூடுதலாக நீட்டுவது. அதுவே வலியை வளர்க்கிறது. அந்தத் தசைநாணுக்குத் தேவை சில மாதங்களுக்கு ஆழமான முன்வளைவுகளிலிருந்து விலக்கும், படிப்படியான வலுவூட்டலும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனத்தில் குதிகால்களைத் தரையில் அழுத்தி, அவற்றைப் புட்டத்தை நோக்கி இழுப்பதுபோல முயன்று 30 விநாடிகள் நிலைத்திருப்பது நல்ல தொடக்கம். அதில் வலி கூடாதிருந்தால் குதிகால்களைச் சிறிது சிறிதாகத் தள்ளி வைத்துச் சுமையைக் கூட்டலாம்.

முதுகெலும்பின் இடைவட்டுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் டிஸ்க் என்று சொல்லும் இவை, நடுவில் நீர்ச்சத்து மிகுந்த கூழும் சுற்றிலும் அடுக்கடுக்கான நார் வளையமும் கொண்டவை. உடல் சுமை இல்லாமல் படுத்திருக்கும் இரவு நேரத்தில் அவை நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நம் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது இதனால்தான். உப்பிய வட்டின் மேல் முதுகை வளைக்கும்போது நார் வளையத்தின் பின்பக்கம் படும் அழுத்தம் கூடுதல். அதிகாலைப் பயிற்சியை மரபு எவ்வளவு போற்றினாலும், எழுந்தவுடன் முதல் ஆசனமாக ஆழமான முன்வளைவைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்தது அரை மணி நேரம் நடமாடிய பிறகு, நின்ற நிலை ஆசனங்களில் தொடங்குவது நல்லது.

எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்களுக்கு முன்வளைவு இன்னும் நுட்பமான விஷயம். 1984ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பின் எலும்பு மெலிந்திருந்த 59 பெண்களைப் பல குழுக்களாகப் பிரித்துக் கவனித்தார்கள். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சிகள் செய்த குழுவில் 16 விழுக்காட்டினருக்கும், முன்னோக்கி வளைக்கும் பயிற்சிகள் செய்த குழுவில் 89 விழுக்காட்டினருக்கும் முள்ளெலும்புகளில் புதிய அமுக்க முறிவுகள் தென்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதன் திசை தெளிவானது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை உருட்டி வளைக்கும் ஆசனங்களையும், அதனோடு சேர்ந்த முறுக்கையும், மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனத்தையும் தவிர்த்து, இடுப்பிலிருந்து நேர்முதுகோடு சாய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: முழங்காலும் பத்மாசனமும்

முழங்கால் அடிப்படையில் ஒரு கீல். மடங்கும், நிமிரும், மடங்கிய நிலையில் மட்டும் சிறிதளவு சுழலும். அதன் நடுவில் அரைநிலா வடிவில் இரண்டு குருத்தெலும்புத் திண்டுகள், அதாவது மெனிஸ்கஸ்கள், இருக்கின்றன. ஆழமாக மடங்கிய முழங்காலைத் திருகும்போது இந்தத் திண்டு எலும்புகளுக்கு நடுவே சிக்கிக் கிழியக்கூடும்.

பத்மாசனத்தில் பாதம் எதிர்த்தொடையின் மேல் ஏற வேண்டுமானால் தொடையெலும்பு இடுப்புக் குழிக்குள் பெருமளவு வெளிப்புறமாகச் சுழல வேண்டும். அது சுழலாதபோது கையால் பாதத்தைப் பிடித்து இழுப்பவர், கீழ்க்காலைத்தான் திருகுகிறார். இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கணுக்காலைக் கவனியுங்கள்: பாதம் அரிவாள் போல உள்நோக்கி வளைந்து, வெளிக்கணுவின் தோல் இழுபட்டுப் பளபளத்தால், சுழற்சி இடுப்பிலிருந்து வரவில்லை. முழங்கால் தரையிலிருந்து உயர்ந்து தொங்கினாலும் பொருள் அதுவே. அந்த முழங்காலை உள்ளங்கையால் தரையை நோக்கி அழுத்துவது, வகுப்புகளில் நான் காணும் மிக ஆபத்தான பழக்கங்களுள் ஒன்று.

தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கணுக்காலை இடது முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின்மீது வையுங்கள். கைகளால் அழுத்தாமல், வலது கீழ்க்கால் தரைக்கு ஏறத்தாழ இணையாக வருகிறதா? வராவிட்டால் உங்கள் இடுப்பு இன்னும் பத்மாசனத்துக்குத் தயாராக இல்லை, அல்லது அதன் எலும்பு அமைப்பே அதற்கு இடம் தராதது. முதல் நிலையில், இதே அமர்வில் இடுப்பிலிருந்து சற்று முன்சாய்ந்து, பாதத்தைக் கணுவிலிருந்து மேல்நோக்கி மடக்கி வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் வீதம் பல மாதங்கள் பழகலாம். பல மாதங்களுக்குப் பின்னும் மாற்றமே இல்லையென்றால் கால்களை இயல்பாக மடக்கி அமரும் சுகாசனத்தில் அமருங்கள். தியானத்துக்கு நிமிர்ந்த முதுகுதான் தேவை. கால்கள் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதை மூச்சு அறியாது.

பத்மாசனத்திலிருந்து வெளிவரும்போதும் கவனம் வேண்டும். பாதத்தைப் பிடித்து இழுத்து விடுவிக்காமல், முழங்காலை இரு கைகளாலும் தாங்கி, தொடையோடு சேர்த்து உயர்த்தி, முழுக் காலையும் ஒன்றாக எடுங்கள்.

வஜ்ராசனம் எளிமையானது என்று கருதப்படுகிறது. ஆனால் முழங்காலின் வெளிப்புறத்தில், கீழ்க்கால் சிறு எலும்பின் தலையைச் சுற்றி ஓடும் நரம்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. நீண்ட நேரம் குதிகால்மேல் உட்கார்ந்தால் அது நசுங்கலாம். மணிக்கணக்கில் இவ்வாறு அமர்ந்த ஒரு கல்லூரி மாணவருக்குப் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போன நிகழ்வு 1971இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது. கால் மரத்தால் உடனே எழுந்துவிடுங்கள். முழங்கால் இறுக்கமானவர்கள் புட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவில் தடித்த மெத்தைத்துண்டு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: முறுக்கும் பின்வளைவும்

முதுகெலும்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவு திரும்புவதில்லை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5 என முள்ளெலும்புகள் அமைந்துள்ளன. மார்புப் பகுதி ஒரு பக்கத்துக்கு 35 டிகிரி அளவில் திரும்பும். கீழ்முதுகின் ஐந்தும் சேர்ந்தே 10 டிகிரியை ஒட்டித்தான் திரும்பும். அவற்றின் பின்புற இணைப்பு முகங்கள் திரும்புவதைத் தடுக்கும் விதமாக நிற்கின்றன. ஆகவே உட்கார்ந்து உடலைத் திருப்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் "கீழ்முதுகிலிருந்து பிழிந்து திரும்புங்கள்" என்பது உடற்கூற்றுக்கு ஒவ்வாத அறிவுரை. முதலில் மூச்சை உள்ளிழுத்து உயரமாக உட்காருங்கள். விலா எலும்புகளிலிருந்து கை உதவியின்றித் திரும்புங்கள். கிடைத்த இடத்தில் நின்றபின் கையை முழங்காலில் வையுங்கள். நெம்புவதற்காக அன்று, நிலைத்திருப்பதற்காக. இரண்டு உட்காரும் எலும்புகளையும் தரையில் அறைந்தது போல வைத்திருக்க வேண்டியதில்லை. இடுப்பெலும்பும், முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பும் சேரும் மூட்டு சில டிகிரிகளே அசையக்கூடியது. இடுப்பைப் பூட்டிவிட்டு மேலுடலைத் திருகினால் அந்த மூட்டுதான் நோகும்.

பின்வளைவில் நிலைமை தலைகீழ். விலா எலும்புகளால் கூண்டாகக் கட்டப்பட்ட மேல்முதுகு குறைவாகவே பின்வளையும்; கீழ்முதுகு எளிதாக வளையும். இடுப்பு மூட்டு பின்னோக்கிப் போவதும் 10 முதல் 20 டிகிரி வரைதான். எனவே சக்கராசனம், உஷ்டிராசனம் போன்றவற்றில் வளைவு முழுவதும் கீழ்முதுகின் கடைசி இரண்டு இணைப்புகளில் குவிந்துவிடும். குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனத்தைக் கைகளைத் தரையில் ஊன்றாமல் செய்து பாருங்கள்: முதுகுத் தசைகளின் வலிமையால் மட்டும் மார்பு எவ்வளவு உயர்கிறதோ, அதுவே நீங்கள் கட்டுப்படுத்தக்கூடிய பின்வளைவு. கைகளை ஊன்றியபின் அதைவிடச் சற்றுத்தான் கூடுதலாகப் போக வேண்டும். வளையும்போது கீழ்முதுகில் ஒரே புள்ளியில் கிள்ளும் வலி திரும்பத் திரும்ப வந்தால், குறிப்பாக வளரிளம் பருவத்தினருக்கு வந்தால், பின்வளைவுகளை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆறாம் படி: தோளும் மணிக்கட்டும்

கையைத் தலைக்கு மேல் முழுமையாக உயர்த்தும் 180 டிகிரியில் ஏறத்தாழ 120 தோள் மூட்டிலும், 60 தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதிலும் கிடைக்கிறது. கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் "தோள்களைக் காதிலிருந்து கீழே இழுங்கள்" என்று எங்கும் கேட்கும் கட்டளை இந்தச் சுழற்சிக்கு எதிரானது. தோள்பட்டை எலும்புகள் மேலேயும் வெளியேயும் சுழலட்டும். கழுத்து இறுகாமல் இருந்தால் போதும்.

முழங்கைகளை மடக்கி உடலைத் தரைக்கு இணையாகத் தாங்கும் சதுரங்க தண்டாசனத்தில் தோள், முழங்கையின் மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் தோளின் முன்புறம் எடையைத் தாங்கும். சூரிய நமஸ்காரத்தைப் பல சுற்றுகள் செய்பவர்கள் களைப்பு தெரிந்தவுடன் முழங்காலைத் தரையில் வைத்துவிடுவது நல்லது. மணிக்கட்டு வலித்தால் எடையை உள்ளங்கையின் அடிப்பகுதியில் குவிக்காமல், ஆட்காட்டி விரலின் அடிமுட்டிக்கும் விரல் நுனிகளுக்கும் பகிர்ந்தளியுங்கள். அப்படியும் வலித்தால் முழங்கைகளை ஊன்றிச் செய்யுங்கள்.

ஏழாம் படி: கழுத்தும் தலைகீழ் ஆசனங்களும்

தலையின் எடை ஐந்து கிலோவை ஒட்டியது. கழுத்தின் முள்ளெலும்புகள் அதைச் சுமக்க அமைந்தவை. சிரசாசனத்தில், அனுபவமுள்ளவர்களிடம்கூட, உடல் எடையில் பாதியை நெருங்கும் பங்கு தலையின் வழியாகக் கழுத்தில் இறங்குவதாக அளவிட்டிருக்கிறார்கள். நிலையில் நிற்கும்போதைவிட, கால்களை உதைத்து ஏற்றும்போதும் தடுமாறி இறங்கும்போதும் ஆபத்து அதிகம். பலரும் ஒன்றாகப் பயிலும் பொதுவகுப்பில் சிரசாசனம் கற்றுத்தருவதை நான் ஆதரிப்பதில்லை. தனியாகக் கற்பவரும், முன்கைகளை ஊன்றி இடுப்பை உயர்த்தும் நிலையில் ஒரு நிமிடம் தலை தரையைத் தொடாமல் நிற்க முடிந்த பிறகே அடுத்த கட்டத்தை எண்ண வேண்டும்.

தோள்களை ஊன்றிக் கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனத்தில் பிரச்சினை வேறு. கழுத்து முழுமையாக முன்வளைந்த நிலையில் சுமை ஏறுகிறது. மூன்று நான்கு போர்வைகளைக் கெட்டியாக மடித்துத் தோள்களுக்குக் கீழே அடுக்கி, தலை மட்டும் தரையில் தாழ்ந்திருக்கும்படி படுத்தால் கழுத்தின் வளைவு கணிசமாகக் குறையும். எடை தோள்களிலும் மேற்கைகளிலும் இருக்க வேண்டும். கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பு தரையில் அழுந்தக் கூடாது. இந்த நிலையில் தலையைத் திருப்பி யாரையும் பார்க்காதீர்கள்.

கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது அளவிட்டு அறியப்பட்டுள்ளது. தலை தாழும் மற்ற ஆசனங்களிலும், குறைந்த அளவில், அது உயர்கிறது. விழித்திரைக் கோளாறு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கழுத்து டிஸ்க் பாதிப்பு உள்ளவர்களும் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்களுக்குப் பின்மாதங்களில் நெடுநேரம் மல்லாந்திருப்பதும் உகந்ததல்ல. கருப்பையின் எடை, கீழுடலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையை அழுத்தும் என்பதால் சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்துச் செய்யலாம்.

எட்டாம் படி: இயல்பிலேயே நெகிழ்ந்த உடலை அடையாளம் காணல்

இறுகிய உடலைவிட, அளவுக்கு மீறி வளையும் உடலுக்கே யோகா வகுப்பில் பாதுகாப்பு குறைவு என்பது என் கணிப்பு. அவர்களைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னால் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்வளைகின்றனவா, முழங்காலை மடக்காமல் உள்ளங்கைகள் தரையில் பதிகின்றனவா என்று பாருங்கள். முதல் நான்குக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பெண், கடைசிக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. பெரியவர்களில் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் மிகை நெகிழ்ச்சி என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இவர்கள், கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் முழங்காலைப் பின்னுக்குப் பூட்டிவிடாமல் நூலளவு மடக்கி வைத்து, தொடைத் தசையை இறுக்க வேண்டும். எல்லா ஆசனங்களிலும் தங்களால் முடிந்ததில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் தசை வலிமையால் நிற்பதைப் பயிற்சியாக்கிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: வலி வந்தபின்

பயிற்சியின்போது லேசாகத் தொடங்கி, முடித்தவுடன் மறைந்து, மறுநாள் காலையில் இல்லாத அசௌகரியத்தோடு கவனமாகத் தொடரலாம். மறுநாள் காலையில் அதிகமாக இருந்தால் முந்தைய நாள் செய்த அளவு மிகை. அதைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு வாரங்களில் தணியாத வலியை இயன்முறை மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். அப்போது எந்த ஆசனத்தில், எந்தக் கட்டத்தில், உள்ளே போகும்போதா வெளிவரும்போதா வலிக்கிறது என்பதைச் செய்துகாட்ட முடிந்தால் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், காலில் வலிமை குறைதல். கழுத்தில் சுமை ஏறிய ஆசனத்துக்குப் பின் இதுவரை அறியாத வகையில் கடுமையான கழுத்துவலியோ தலைவலியோ, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல். முழங்கால் "டக்" என்று ஒலித்து வீங்கி, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்ளுதல். முதல் இரண்டிலும் உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்; முழங்கால் பூட்டிக்கொண்டால் எடை ஏற்றாமல், யாரையும் இழுத்து நிமிர்த்த விடாமல், ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.